சின்ன வயசு கேட்ச்சரை ஃபர்ஸ்ட் பேஸ்ல ஆட வைக்கிறது எப்படி? முட்டி, தோள், தலை மூணும் தப்பிக்க ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவுல பசங்களை பேஸ்பால்ல விட்டிருக்கிற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் பிட்ச் கவுன்ட்னா என்னன்னு தெரியும். லிட்டில் லீக்ல 9-10 வயசுன்னா ஒரு நாளைக்கு 75 பந்து, 11-12ன்னா 85, 13-16ன்னா 95, அதுக்கு மேல போட விடமாட்டாங்க. ஆனா அந்தப் பந்தையெல்லாம் குந்தி உக்காந்து வாங்கி திருப்பி எறியுறானே ஒருத்தன், கேட்ச்சர், அவனுக்குன்னு அப்படி ஒரு கணக்கே கிடையாது. பந்து போடுற பிட்ச்சர் களைச்சா அடுத்தவன் வர்றான், அவனும் முடிஞ்சா மூணாவது ஆள் வர்றான், கேட்ச்சர் மட்டும் முதல் பந்துலேர்ந்து கடைசி பந்து வரைக்கும் அதே ஆளு. டீம் ஒரு மேட்ச்ல 110 பந்து போட்டா, பேட்ல பட்டுப் போனது போக மிச்சம் அத்தனையும் இவன் கைக்கு வந்து இவன் கையிலேர்ந்து திரும்பிப் போகுது, இன்னிங்ஸுக்கு முன்னாடி போடுற வார்ம்-அப் பந்துங்க தனி, ஒவ்வொரு தடவையும் செகண்ட் பேஸுக்கு ஒரு எறி தனி.

இதுல நல்ல கேட்ச்சரா இருக்கறதுதான் பையனுக்கு வினையே. நல்லா பிடிக்கிறான்னு தெரிஞ்சா கோச் எல்லா மேட்ச்லயும் அவனையே உக்கார வைப்பார். சனி ஞாயிறு ரெண்டு நாள்ல நாலு அஞ்சு மேட்ச் வர்ற டிராவல் பால் (ஊர் ஊராப் போய் ஆடுற டீம்) டோர்னமென்ட்ல, ஜூலை வெயில்ல, மாஸ்க்கு, மார்க்கவசம், காலுக்கு ஷின் கார்டுன்னு கட்டிக்கிட்டு இது எவ்வளவு வேலைன்னு ஒரு மணி நேரம் குந்திப் பார்த்தா தெரியும்.

அதனால பாதி மேட்சுக்கு அவனை ஃபர்ஸ்ட் பேஸுக்கு (பந்தை அடிச்சவன் முதல்ல ஓடி வந்து தொடுற பேஸ்) அனுப்புறது பழைய வழக்கம், பெரிய தொழில்முறை ஆட்டமான மேஜர் லீக்லயே நடக்கறது. என் கருத்து என்னன்னா, இதை வலி வந்ததுக்கு அப்புறம் வைத்தியம் மாதிரி செய்யக்கூடாது, சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே அட்டவணையா எழுதிடணும், அதோட ஃபர்ஸ்ட் பேஸையும் ஒழுங்கா சொல்லித்தரணும். சும்மா போய் நில்லுன்னு அனுப்பினா அங்கயும் அடிபடும்.

ஏன் ஃபர்ஸ்ட் பேஸ், வேற இடம் ஏன் வேணாம்?

தேர்ட் பேஸ்ல ஒவ்வொரு கிரவுண்டருக்கும் (தரையோட உருண்டு வர்ற பந்து) நாலு பேஸும் சேர்ந்த வைர வடிவ மைதானத்தைத் தாண்டி முழு வேகத்துல எறியணும். அவுட்ஃபீல்டுன்னா தூர எறி, நிறைய ஓட்டம். ஃபர்ஸ்ட் பேஸ்ல பெரும்பாலும் பந்தை வாங்குற வேலைதான், எறியுறது கம்மி, குந்துறது இல்லவே இல்ல. தோளும் முட்டியும் ஒண்ணா ஓய்வெடுக்குற ஒரே இடம் அதுதான், பேட்டிங்கும் கெடாது. கேட்ச்சிங்கை அடியோட விட்டவங்க வேற பொசிஷனுக்கும் போயிருக்காங்க, கிரெய்க் பிஜியோ 1992ல செகண்ட் பேஸுக்குப் போனார், பிரைஸ் ஹார்ப்பரை 2010ல நேஷனல்ஸ் எடுத்த உடனேயே அவுட்ஃபீல்டர் ஆக்கிட்டாங்க. நாம இங்க பேசுறது கேட்ச்சராவே இருக்கப்போற பையனுக்கு சுமையைக் குறைக்கிறது பத்தி.

கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல, சங்கக்காரா டெஸ்ட்ல கீப்பிங் கிளவுஸைக் கழட்டினதுக்கு அப்புறம் அவர் சராசரி எவ்வளவு ஏறிச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

பேஸ்பால்ல ரெண்டு கதை தெரிஞ்சா போதும். பஸ்டர் போசி 2010ல ஜயன்ட்ஸ் டீமுக்கு வந்தப்போ கேட்ச்சர் இடத்துல பெஞ்சி மொலினா இருந்தார், அதனால போசியை ஃபர்ஸ்ட் பேஸ்ல ஆட வச்சாங்க, மொலினாவை டெக்சஸுக்கு அனுப்பினதுக்கு அப்புறம்தான் முழு நேர கேட்ச்சர். அடுத்த வருஷம் மே மாசம் ஹோம் பிளேட்ல (கேட்ச்சர் உக்கார்ற இடம்) ஒரு ரன்னர் மோதி கால் எலும்பு முறிஞ்சு, கணுக்கால் தசைநாரும் கிழிஞ்சு அந்த சீசனே போச்சு. திரும்பி வந்து 2012ல எம்விபி (லீக்லயே சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கினார், அதுக்கப்புறமும் பல வருஷம் கொஞ்சம் மேட்ச் ஃபர்ஸ்ட் பேஸ்ல ஆடிக்கிட்டேதான் இருந்தார். ரெண்டாவது ஆள் ஜோ மவர், கேட்ச்சரா இருந்துக்கிட்டே 2006, 2008, 2009 மூணு தடவை பேட்டிங் டைட்டில் (லீக்லயே அதிக பேட்டிங் சராசரி) அடிச்சவர். 2013 ஆகஸ்ட்ல மாஸ்க்ல ஃபவுல் டிப் (பேட்ல உரசி வர்ற பந்து) பட்டு கன்கஷன் (தலையில அடிபட்டு மூளை அதிர்றது), 2014லேர்ந்து முழு நேர ஃபர்ஸ்ட் பேஸ். அந்த ஒரு வருஷத்துல பேட்டிங் சராசரி .324லேர்ந்து .277க்கு இறங்கினார். அடி விழுந்ததுக்கு அப்புறம் இடம் மாத்தினா போனதெல்லாம் திரும்பி வந்துடாது.

படி 1: நோட்டு போடுங்க

ஒரு சின்ன நோட்டு, இல்லன்னா போன்லயே. கேட்ச் பண்ணின இன்னிங்ஸ் எத்தனை, செகண்ட் பேஸுக்கோ மத்த பேஸுக்கோ வேகமா எறிஞ்சது எத்தனை, மாஸ்க்லயோ வெறும் கையிலயோ ஃபவுல் டிப் பட்டுச்சா, அன்னிக்கு புல்பென்ல (பிட்ச்சருங்க வார்ம்-அப் பண்ற இடம்) யாருக்காவது கேட்ச் பண்ணினானா. இந்தக் கடைசி கேள்வியை யாரும் எழுதமாட்டாங்க. மேட்ச்ல மூணு இன்னிங்ஸ்தான்னு கோச் சொல்வார், அதுக்கு முன்னாடி முதல்ல போடுற பிட்ச்சருக்கு முப்பது பந்து, நடுவுல மாத்தா வர்ற பிட்ச்சருக்கு இருபது பந்து வாங்கினது எந்தக் கணக்குலயும் வராது.

நோட்டு அப்பா அம்மா கையில இருக்கறதுதான் நல்லது. ஏன்னா பையன் ஸ்கூல் டீம்லயும் ஆடுறான், டிராவல் டீம்லயும் ஆடுறான், செவ்வாய்க்கிழமை அவன் ஏழு இன்னிங்ஸ் உக்காந்தது சனிக்கிழமை கோச்சுக்குத் தெரிய வழியே இல்ல.

படி 2: ரெண்டாவது கேட்ச்சரை உருவாக்குங்க

இதைப் பண்ணாம மிச்சத்தைப் படிச்சுப் பிரயோஜனம் இல்ல. திட்டம் எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் பந்து பின்னாடி பின்னாடி போகுதுன்னா மூணாவது இன்னிங்ஸ்ல கோச் "டேய், கியர் மாட்டுடா"ன்னு நம்ம பையனைத்தான் கூப்பிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால சீசனுக்கு முன்னாடி ரெண்டு மாசம் இன்னொரு பையனை, முடிஞ்சா ரெண்டு பேரைத் தயார் பண்ணணும். யாரைன்னு கேட்டா, பந்துக்குப் பயப்படாதவன், தரையில விழ யோசிக்காதவன், கையில பலம் அப்புறம் வந்துக்கும்.

இப்போ ஃபர்ஸ்ட் பேஸ்ல இருக்கிற பையனையே கேட்ச்சரா மாத்தி ரெண்டு பேரையும் சுத்தி விடலாமேன்னு தோணும், நல்ல யோசனைதான், ஆனா ஃபர்ஸ்ட் பேஸ்ல பல டீம்ல இடது கைக்காரன் நிப்பான், இடது கையில எறியுற பையனை கேட்ச்சரா யாரும் உக்கார வைக்கிறதில்ல. அப்படி இருந்தா அவனுக்கு அவுட்ஃபீல்ட்ல நிஜமான இடம் ஒண்ணு கொடுத்துட்டு, அவன் வீட்டுலயும் முன்கூட்டியே பேசிடுங்க, இல்லன்னா ஏப்ரல் மாசம் பார்க்கிங் லாட்ல சண்டை நடக்கும்.

படி 3: யார் எப்போ எங்கன்னு அட்டவணை

9-10 வயசுக்குக் கீழ இதெல்லாம் தேவையே இல்ல, எல்லாரும் எல்லா இடத்துலயும் ஆடட்டும். 11லேர்ந்து 17 வரைக்கும்தான் இந்த அட்டவணை. நான் சொல்றது சட்டம் இல்ல, அனுபவத்துல சரியா வர்ற ஒரு அளவு:

நாலு மேட்ச் உள்ள வாரக்கடைசின்னா ரெண்டுல கேட்ச்சர், ஒண்ணுல ஃபர்ஸ்ட் பேஸ், ஒண்ணுல பாதி நேரம் பெஞ்ச் இல்லன்னா டிஎச் (பேட்டிங் மட்டும் பண்றவன்). ஒரே நாள்ல ரெண்டு மேட்ச் இருந்தா ரெண்டுலயும் கேட்ச் பண்ணக்கூடாது. முதல் மேட்ச்ல கேட்ச், ரெண்டாவதுல ஃபர்ஸ்ட் பேஸ், இந்த வரிசை நல்லது, மாத்திப் போட்டா களைச்ச காலோட போய்க் குந்துவான். ராத்திரி மேட்ச் முழுசா கேட்ச் பண்ணினவன் மறுநாள் காலைல எட்டு மணி மேட்ச்ல கியர் மாட்டவே கூடாது.

முக்கியமா ஒண்ணு, கேட்ச் பண்ணாத நாள்ல பிட்ச்சரா இறக்காதீங்க. நல்ல கை இருக்கு, இன்னிக்கு ஃபர்ஸ்ட் பேஸ்ல சும்மாதானே நிக்கிறான், ரெண்டு இன்னிங்ஸ் போடட்டும்னு யாராவது சொல்வாங்க. ஒரே நாள்ல ரெண்டையும் கலக்கறதுக்கு லிட்டில் லீக்லயே விதி இருக்கு: நாலு இன்னிங்ஸ் கேட்ச் பண்ணினவன் அன்னிக்கு பிட்ச் பண்ண முடியாது, 41 பந்து போட்டவன் அன்னிக்கு கேட்ச் பண்ண முடியாது. நேத்து கேட்ச் பண்ணினவன் இன்னிக்கு பிட்ச் பண்றதை அந்த விதி தடுக்காது, அதை நீங்கதான் தடுக்கணும். டிராவல் டோர்னமென்ட்ல விதி இடத்துக்கு இடம் மாறும்.

படி 4: மிட் வாங்குங்க

கேட்ச்சர் மிட்டை (பந்து வாங்குற கிளவுஸ்) ஃபர்ஸ்ட் பேஸ்ல போட விதி அனுமதிக்காது, அது கேட்ச்சருக்கு மட்டும்தான். ஃபர்ஸ்ட் பேஸ் மிட் தனி, நீளமா, ஓரம் மெல்லிசா, தரையிலேர்ந்து பந்தை அள்ளுறதுக்குன்னே செஞ்சது, பெரியவங்களுக்கு விதிப்படி 13 இஞ்ச் வரைக்கும் போகலாம், சின்னப் பசங்களுக்கு 12 இஞ்ச் பக்கம் போதும். டீம் பையில கிடக்குற பழசு ஒண்ணு இருந்தா இன்னும் நல்லது, புதுசு பழகறதுக்கு ஒரு மாசம் ஆகும், மேட்ச் அன்னிக்கு விலைச் சீட்டைக் கிழிச்சு மாட்டினா பந்து உள்ள நிக்காது. கப் (இடுப்புக்குக் கீழ உள்ளே போடுற காப்பு) போடுறதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க, கேட்ச்சர் இல்லையேன்னு பசங்க கழட்டிடுவாங்க.

படி 5: கால், அப்புறம் கை

கேட்ச்சர் பையன் பெரும்பாலும் வலது கையில எறியுறவனாத்தான் இருப்பான், அதனால அப்படியே சொல்றேன். பேஸைத் தொட வேண்டியது வலது கால், நீட்ட வேண்டியது இடது கால். கிரவுண்டர் அடிச்ச உடனே பேஸுக்கு ஓடி, காலால பேஸைக் கண்டுபிடிச்சு, எறியப்போறவனை நேரா பார்த்து நிக்கணும். பாதத்தை பேஸ் நடுவுல வைக்கவே கூடாது, உள்பக்க ஓரத்துல முன்பாதம் பட்டா போதும், நடுவுல வச்சா ஓடி வர்றவன் ஸ்பைக்ஸ் நேரா குதிகால்ல இறங்கும். பசங்க லீக்ல சில இடத்துல ஆரஞ்சும் வெள்ளையுமா ரெட்டை பேஸ் போட்டிருப்பாங்க, அங்க வெள்ளை நமக்கு, ஆரஞ்சு ரன்னருக்கு.

பந்து கையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே காலை நீட்டிட்டு நிக்கிறது எல்லாப் புதுப் பசங்களும் பண்றது, போட்டோவுல நல்லா இருக்கும், ஆனா பந்து ரெண்டடி தள்ளி வந்தா அவ்வளவுதான், திரும்ப எழ முடியாது. முதல்ல பந்து எங்க வருதுன்னு பாரு, அப்புறம் அந்தத் திசைக்கு நீட்டு. இதை நூறு தடவை சொல்லணும்.

கேட்ச்சருக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பந்து முன்னாடி குத்தினா முட்டி போட்டு விழுந்து நெஞ்சால தடுக்கணும்னு அவன் உடம்புல ஊறிப்போயிருக்கும். ஃபர்ஸ்ட் பேஸ்ல விழுந்தா கால் பேஸை விட்டுடும், ரன்னர் சேஃப் (அவுட் இல்ல). இங்க காலை விடாம, மிட்டைத் தரையிலேர்ந்து மேல கொண்டுவந்து ஷார்ட் ஹாப்பை (கிட்டத்துல தரையில குத்தி எழும்புற பந்தை) அள்ளணும். பத்துப் பதினைஞ்சு அடி தூரத்துல நீங்க நின்னு, அவனை பேஸ்ல நிறுத்தி, டென்னிஸ் பந்தைக் குத்தி எறியுங்க, மிட் இல்லாம வெறும் கையில முதல்ல, அப்புறம் மிட்டோட. பத்து நிமிஷம் போதும். கேட்ச்சர் பசங்க இதைச் சீக்கிரம் பிடிச்சுப்பாங்க, ஏன்னா குத்துற பந்துக்குக் கண்ணை மூடாத பழக்கம் ஏற்கனவே இருக்கு, மத்தவங்களுக்கு அதைச் சொல்லித்தரவே ஒரு சீசன் ஆகும்.

ஆனா எறிஞ்சது எட்டவே எட்டாது, மத்த பேஸ்ல ரன்னர் இருக்கான்னா, பேஸ் எக்கேடும் கெடட்டும், விட்டுட்டுப் போய் பந்தைத் தடு. அப்போ கேட்ச்சர் புத்தி வேலைக்கு ஆகும்.

படி 6: அடிபடுற இடத்தைத் தனியா சொல்லிக்கொடுங்க

ஃபர்ஸ்ட் பேஸ் பாதுகாப்பான இடம்னு நினைச்சு அனுப்புறோம், ஆனா அங்க ஒரே ஒரு பந்து ஆபத்தானது: ஹோம் பிளேட் பக்கமா இழுத்துக்கிட்டு வர்ற எறி. ஷார்ட்ஸ்டாப்போ (செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவுல நிக்கிறவன்) தேர்ட் பேஸ்மேனோ தப்பா எறிஞ்சா பந்து கோட்டோரமா, ஓடி வர்ற ரன்னர் மேலயே வரும், அப்போ பையன் இடது கையை ரன்னர் குறுக்கால நீட்டினா மணிக்கட்டும் முழங்கையும் அவன் நெஞ்சுல மோதி பின்னாடி மடங்கும். முட்டியைக் காப்பாத்தப் போய் கையை உடைச்ச கதையாயிடும். அந்தப் பந்துக்கு விதி ஒண்ணுதான், பேஸை விட்டு உள்பக்கமா வந்து பந்தை வாங்கு, முடிஞ்சா திரும்பி டேக் பண்ணு (பந்தோட ரன்னரைத் தொடு), முடியலன்னா சேஃப், பரவாயில்ல. பயிற்சில அஞ்சுக்கு ஒண்ணு வேணும்னே இப்படி எறியுங்க, வேற ஒரு பையனை மெதுவா ஓடவிட்டு.

படி 7: மத்த வேலைங்க

ரன்னர் பேஸை விட்டு விலகிடாம பிடிச்சு வைக்கிறப்போ வலது கால் பேஸோட ஒட்டி, மிட் பிட்ச்சருக்குக் குறியா. மிட் இடது கையில, ரன்னர் இருக்கிறது வலது பக்கம், அதனால பிக்-ஆஃப் (ரன்னரை அவுட் ஆக்க பிட்ச்சர் திடீர்னு பேஸுக்கு எறியுறது) வந்தா வாங்கி உடம்புக்குக் குறுக்கால கீழ இறக்கி டேக் வைக்கணும், இடது கைக்காரனுக்கு இந்தச் சிரமம் இல்ல. செகண்ட் பேஸுக்கு எறியணும்னாலும் வலது கைக்காரன் காலைத் திருப்பித்தான் எறியணும், அந்தத் திருப்பத்தை வெறும் காலடியா பந்தில்லாம பழகச் சொல்லுங்க, அவசரத்துல கையை மட்டும் சுழட்டி எறிஞ்சா நாம காப்பாத்த நினைச்ச தோளுக்கே வேட்டு.

பாப்-அப்பு இவனுக்கு ஓசில வர்ற சொத்து, பிளேட் கிட்ட உயர எழும்புற பந்து சுழன்டு மைதானத்துப் பக்கமே திரும்பி வரும்னு கேட்ச்சருக்குத் தெரியும். கட்-ஆஃபும் அப்படித்தான், ரைட் ஃபீல்டுலேர்ந்து ஹோம் பிளேட்டுக்கு வர்ற எறியை நடுவுல வாங்கணுமா விடணுமான்னு கத்துறவனா இருந்தவன் இப்போ அந்தக் கத்தலைக் கேட்டு நடக்குறவன், அவ்வளவுதான் வித்தியாசம். பன்ட்டுக்கு (பேட்டால மெதுவா தட்டி விடுற பந்து) முன்னாடி ஓடி வர்றது, பிட்ச்சர் பேஸுக்கு ஓடி வந்தா மார்பு உயரத்துல மெதுவா தட்டிக்கொடுக்கறது, இதெல்லாம் ரெண்டு மூணு பயிற்சில வந்துடும்.

வாயை மட்டும் மூட விடாதீங்க. மொத்த மைதானத்தையும் பார்த்துப் பேசுற பழக்கம் கேட்ச்சரோடது, ஃபர்ஸ்ட் பேஸ்ல போய் அமைதியா நின்னுட்டா டீமுக்கே நஷ்டம்.

படி 8: ஓய்வு ஒழுகுற ஓட்டைங்களை அடைங்க

ஃபர்ஸ்ட் பேஸ் நாள்னா புல்பென்ல கேட்ச் கிடையாது, இன்னிங்ஸ் நடுவுல பிட்ச்சருக்கு வார்ம்-அப் வாங்குறதும் கிடையாது, கேட்ச்சர் கியர் மாட்டுறவரைக்கும் ஒரு கோச்சோ பெஞ்ச்ல இருக்கிறவனோ மாஸ்க் போட்டு வாங்கட்டும். இன்ஃபீல்டருங்களுக்குப் பந்தை உருட்டி விடுறது ஃபர்ஸ்ட் பேஸ்மேன் வேலை, உருட்டினா போதும், எறிஞ்சு காட்ட வேணாம். அன்னிக்குப் பயிற்சில பிளாக்கிங் டிரில்லும் (குத்துற பந்தை உடம்பால தடுக்குற பயிற்சி) வேணாம்.

கேட்ச் பண்ற நாள்லயும் கொஞ்சம் குறைக்கலாம். இப்போ மேஜர் லீக்ல முக்காவாசி கேட்ச்சருங்க ஒரு முட்டியைத் தரையில வச்சுத்தான் உக்காருறாங்க, ரன்னர் இல்லாதப்போ பையனும் அப்படி உக்காரட்டும், சோம்பேறித்தனம்னு கத்துற தாத்தா கோச் யாராவது இருந்தா டிவியைப் போட்டுக் காட்டுங்க.

படி 9: இடம் மாத்திப் பிரயோஜனமில்லாத வலிங்க

முட்டிச் சில்லுக்குக் கீழ எலும்பு புடைச்சு, தொட்டா வலிக்குதா, வளர்ற வயசுல வர்ற ஆஸ்குட்-ஸ்லாட்டரா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்க, ஃபர்ஸ்ட் பேஸ்ல குந்த வேண்டியதில்லங்கறதால கொஞ்சம் தேவலாம்னு இருக்கும், ஆனாலும் அவர் சொல்றபடிதான். முழங்கை உள்பக்கமோ தோள் மேலயோ எறியுறப்போ வலின்னா எந்த இடத்துலயும் எறியக்கூடாது, பசங்களுக்கு எலும்பு வளர்ற தட்டு இன்னும் மூடியிருக்காது, அங்கதான் அடிபடும். மாஸ்க்ல பந்து பட்டதுக்கு அப்புறம் தலைவலி, மப்பு, வெளிச்சம் கூசுறது, பேச்சுல தடுமாற்றம் எது இருந்தாலும் உடனே வெளிய. "ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்கட்டும்"ங்கற பேச்சே கூடாது, அமெரிக்காவுல எல்லா மாநிலத்துலயும் இதுக்குச் சட்டம் இருக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்தாதான் திரும்ப வரலாம்.

வலின்னு பையன் வாயைத் திறக்கமாட்டான், இடம் போயிடும்னு பயம். நீங்கதான் பார்க்கணும்: பிட்ச்சருக்குத் திருப்பி எறியுறது வளைஞ்சு வளைஞ்சு போகுதா, நகர்ந்து வாங்க வேண்டிய பந்துக்குக் கையை மட்டும் நீட்டுறானா, இன்னிங்ஸ் முடிஞ்சு கையை ஊன்றி எழுந்திருக்கிறானா. இதுல ரெண்டு தெரிஞ்சா அட்டவணையைப் பார்க்காம அன்னிக்கே மாத்துங்க.

படி 10: அவன்கிட்ட எப்படிச் சொல்றது

"உன்னை கேட்ச்சர்லேர்ந்து எடுக்குறோம்"னு அவன் காதுல விழுந்துட்டா முகம் தொங்கிடும். அட்டவணையைக் கையில கொடுத்து, எந்த மேட்ச்ல எந்த பிட்ச்சருக்கு அவன் உக்காரப்போறான்னு முன்னாடியே காட்டுங்க, பெரிய மேட்ச்ல அவன்தான்னு தெரிஞ்சா ஃபர்ஸ்ட் பேஸைச் சந்தோஷமா ஆடுவான்.

ஒரேயடியா ஃபர்ஸ்ட் பேஸ்மேனாவே மாறிடலாமான்னு கேக்குற பெற்றோரும் உண்டு. அவசரப்படாதீங்க. ஃபர்ஸ்ட் பேஸ்ல எல்லாரும் எதிர்பார்க்கிறது பெரிய அடி, கேட்ச்சரா இருந்தா பிரமாதம்னு சொல்ற அதே பேட்டிங் அங்க சாதாரணம்தான், காலேஜ் கோச்சுங்க பார்வையும் அப்படித்தான் இருக்கும். பெயருக்குப் பக்கத்துல ரெண்டு பொசிஷனும் எழுதுங்க, கேட்ச்சரை முதல்ல. அதே சமயம் தள்ளியும் போடாதீங்க, மைக் பியாசா அவ்வளவு பெரிய ஆளு, 35 வயசுல 2004ல மெட்ஸ் டீம் அவரை ஃபர்ஸ்ட் பேஸ்ல நிறுத்திப் பார்த்தாங்க, சரியாவே வரல, அடுத்த வருஷம் திரும்பவும் கேட்ச்சர். 13 வயசுல கத்துக்கிட்டா ஒரு மாசத்து வேலை.

சீசன் முடிஞ்சதும் மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து கொடுத்த பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டல் பிட்ச்சர் பசங்களுக்குச் சொல்றதை உங்க கேட்ச்சருக்கும் எடுத்துக்கோங்க, வருஷத்துல நாலு மாசம் தலைக்கு மேல கை தூக்கி எறியுறது கிடையாது, அதுல ரெண்டு மூணு மாசமாவது தொடர்ச்சியா. அந்த நேரத்துல கராஜ்ல ஒரு பேஸைப் போட்டு காலடி மட்டும் பழகலாம், புது மிட்டையும் அப்பவே பழக்கிக்கலாம். பிப்ரவரில ஹைஸ்கூல் டிரை-அவுட்டுக்குப் போறப்போ போன வருஷத்து நோட்டை புது கோச்கிட்ட காட்டுங்க, எத்தனை இன்னிங்ஸ் உக்காந்திருக்கான்னு பார்த்துட்டு அவர் அட்டவணையை அவரே போட்டுக்கட்டும்.